அப்பா விற்ற லாரியைத் தேடுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து இப்போது கிள்ளானில் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டிருப்பது இதுதான். அவருடைய தந்தை 1974-இல் வாங்கிய பெட்ஃபோர்ட் டி.கே. லாரி முதலில் தோட்டத்து ரப்பர் பாலையும் பிறகு செம்பனைக் குலையையும் ஏற்றி, 1989-இல் விற்கப்பட்டது. தந்தை காலமாகிவிட்டார். "கிரிக் பக்கத்து ஆள் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார்" என்பது மட்டும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. கையில் இருப்பது ஆயுத பூசையன்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் முன்புறம் கட்டிய வாழைக்கன்று பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டது. லாரி எங்காவது இருந்தால் ஒரு முறை பார்க்க வேண்டும், முடிந்தால் வாங்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, இந்தப் பட்டணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லாரிக்காரர்களுக்குப் பெயர் மாற்றம், பெர்மிட், ரோட் டேக்ஸ் வேலைகளைச் செய்து கொடுத்தவன் நான். சொந்தமாக ஒரு லாரியும் வைத்திருந்து, விற்று, பல ஆண்டுகள் கழித்து அதைத் தேடிப் போய்க் கண்டுபிடித்திருக்கிறேன். ஆகவே உங்கள் ஆசையைப் பழம்பொருள் மோகம் என்று யாராவது ஒதுக்கினால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் சோறு போட்ட வண்டி அது.

பெரும்பாலோர் முதலில் பதிவெண்ணை எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்புக்குப் போவார்கள். அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இன்றைய உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டால், சம்பந்தமில்லாத ஒருவருக்கு அந்த விவரத்தைத் தரமாட்டார்கள். தரக்கூடாது என்பதே சரியும்கூட. அடுத்து, அந்த எண் இன்னும் அந்த லாரியில்தான் இருக்கிறதா என்பதே கேள்வி. நம் நாட்டில் ஒரு வாகனத்தின் எண்ணை முறைப்படி விண்ணப்பித்து வேறொரு வாகனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சிறிய எண்களுக்கும் வரிசையாக அமைந்த எண்களுக்கும் எப்போதும் ஆசைப்படுவோர் இருப்பதால், எண்ணுக்காகவே பழைய லாரியை வாங்கி, எண்ணைக் காருக்கு மாற்றிக்கொண்டு, லாரிக்கு வேறு எண் போட்டு விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் எண் இன்று ஈப்போவில் ஏதோ ஒரு காரில் இருக்கலாம். லாரி வேறு எண்ணோடு எங்கோ நிற்கலாம்.

மாறாதது சேசிஸ் எண். அது லாரியின் அடிச்சட்டத்திலேயே அச்சடித்த எண். பொதுவாக முன்பக்கம், சக்கரத்துக்கு அருகே, சட்டத்தின் வெளிமுகத்தில் இருக்கும். எஞ்சின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் நடுவில் பெட்ஃபோர்ட் லாரித் தொழிலிலிருந்து விலகி, 1987-இல் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் ஆலை வேறு கைக்குப் போன பிறகு, உதிரிப் பாகங்களுக்கு அலைய முடியாமல் பலரும் பெட்ஃபோர்டில் ஜப்பானிய எஞ்சினை இறக்கினார்கள். கேபினும் மாறியிருக்கலாம், பலகைப் பாடி போய்த் தொட்டி வந்திருக்கலாம். சட்டமும் அதில் பதிந்த எண்ணும் இருக்கும்வரை அது உங்கள் அப்பாவின் லாரிதான்.

அந்த எண்ணை எங்கே பிடிப்பது? வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் அதை முதலில் திறந்து பாருங்கள். கிரான் என்று நாம் சொல்லும் பதிவு அட்டை லாரியோடு போயிருக்கும். ஆனால் அதன் நகல் ஒன்று கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு இருக்கக்கூடும். காப்புறுதி எடுக்கும்போது கொடுக்கும் கவர் நோட்டில் பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண் மூன்றும் இருக்கும். ஆண்டுதோறும் ஒன்று வந்திருக்கும் என்பதால் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றாவது தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வருமான வரிக் கணக்குக்காகக் கட்டி வைத்த ரசீதுக் கட்டுகளையும் விட்டுவிடாதீர்கள்.

பதிவெண்ணின் மறைந்த இரண்டு இலக்கங்களைக் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒவ்வொரு நடையும் ஆலையின் நிறுவைப் பாலத்தில் ஏறியாக வேண்டும். அப்போது தரும் சீட்டில் லாரி எண், சரக்கோடு எடை, வெறும் எடை எல்லாம் எழுதியிருக்கும். அறுத்த குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், பருவக் காலத்தில் ஒரு நாளைக்கே பல நடை இருந்திருக்கும். எத்தனை சீட்டுகள் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் அந்தத் தோட்டத்தில் கிராணியாராக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவரின் குடும்பத்தைக் கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. தோட்டத்து லாரி சரக்கு ஏற்றுவதோடு நின்றதில்லை. தீமிதித் திருவிழாவுக்கு விறகு ஏற்றியது, கல்யாணத்துக்குப் பந்தல் கால்களையும் ஆட்களையும் ஏற்றியது, பிள்ளைகளைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனது எல்லாம் அதே லாரிதான். அந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், வாழ்ந்த வேறு வீடுகளின் ஆல்பங்களில் உங்கள் அப்பாவின் லாரி வேறொரு கோணத்தில், வாழைக்கன்று இல்லாமல் நின்றுகொண்டிருக்கலாம். என் லாரியின் மிகத் தெளிவான படம் எனக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தில்தான் கிடைத்தது.

சேசிஸ் எண்ணும் பதிவெண்ணும் கிடைத்த பிறகு, வேறு எதையும் செய்யும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: லாரி இன்னும் உங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? இதைக் கேட்டதும் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றப் பாரத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டு, கிரானோடு தரகர் கையில் கொடுத்துவிடுவது இங்கே சாதாரண நடைமுறை. தரகர் அடுத்த ஆளுக்கு விற்பார், அவர் அதற்கடுத்த ஆளுக்கு. கடைசியில் யாராவது ஒருவர் பெயர் மாற்றுவார், சில சமயம் யாரும் மாற்றமாட்டார்கள். 1993-இல் நான் விற்ற லாரிக்கு இரண்டு ஆண்டுகள் பெயர் மாற்றாமலே இருந்தார் ஒரு தரகர். அந்த லாரி செய்த தவறுக்கான சம்மன்கள் இரண்டு என் வீட்டுக்கு வந்தன. அந்தத் தொழிலிலேயே இருந்த நான் அவரை நம்பியது பெரிய தவறு, அதற்காக நான் பட்ட அலைச்சல் இன்றும் மனத்தில் இருக்கிறது. ஆனால் அதே சம்மன்களில் எழுதியிருந்த இடத்தின் பெயர்தான் பின்னாளில் தேடலுக்கு உதவியது. உங்கள் வீட்டுக்கும் 1989-க்குப் பிறகு அப்படி ஏதாவது கடிதம் வந்ததா என்று அம்மாவைக் கேளுங்கள். அப்பா கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தாலும் எந்த ஊர் என்று சொல்லியிருப்பார்.

அப்பா பெயரிலேயே இருந்தால், நீங்கள் வேற்று ஆளாக அல்ல, வாரிசாக ஜே.பி.ஜே.க்குப் போகிறீர்கள். இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், கிடைத்த பழைய ஆவணங்கள் ஆகியவற்றோடு ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த வாகனம் இன்னும் என் தந்தை பெயரில் பதிவில் உள்ளதா, அதன் நிலை என்ன என்று கேளுங்கள். அப்படி இருப்பது தெரிந்தால், அடுத்த வேலை சொத்து நிர்வாகம் சம்பந்தப்பட்டது. அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயா மூலமாகவோ ஒரு வழக்கறிஞர் மூலமாகவோ முறைப்படி நிர்வாக அதிகாரம் பெற்றுத்தான் எதையும் செய்ய வேண்டும். வேறு பெயருக்கு மாறிவிட்டது என்று தெரிந்தால், அதுவே ஒரு தகவல்: யாரோ ஒருவர் 1989-க்குப் பிறகு லாரியை முறையாக ஓட்டியிருக்கிறார், ஆகவே பெர்மிட்டும் எடுத்திருக்கக்கூடும்.

பெர்மிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லாரித் தொழிலில் நீளமான தடம் அதுதான். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் லாரிக்கு 'ஏ' பெர்மிட், தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் லாரிக்கு 'சி' பெர்மிட். 1989 வாக்கில் இவற்றைக் கொடுத்தது எல்.பி.கே.பி. என்னும் வாணிப வாகன உரிம வாரியம். 2010-இல் அதன் இடத்துக்கு ஸ்பாட் என்னும் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் வந்தது, 2019-இல் அபாட் என்னும் அரசு அமைப்பு. உங்கள் அப்பா தோட்டத்து ஒப்பந்தத்தில் கூலிக்கு ஓட்டியிருந்தால் 'ஏ' பெர்மிட் வைத்திருந்திருப்பார், அல்லது பெர்மிட் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓட்டியிருப்பார். இரண்டாவது வழி அந்நாளில் மிக அதிகம். அப்படியானால் லாரிக் கதவில் எழுதியிருந்த பெயர் உங்கள் அப்பாவின் பெயராக இருக்காது.

வணிக லாரியின் கதவில் உரிமையாளர் பெயரும் முகவரியும், BDM, BTM என்ற மலாய்ச் சுருக்கங்களில் முறையே சரக்கோடு எடையும் சரக்கில்லா எடையும் எழுதியிருக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிக் கதவைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்திடம் கட்டணம் செலுத்தி அந்த நிறுவனத்தின் பதிவு விவரத்தை யாரும் வாங்கலாம். 2002-இல் நிறுவனப் பதிவகமும் வணிகப் பதிவகமும் இணைந்து உருவான ஆணையம் அது. ஒரு தனிமனிதரின் முகவரியைத் துருவுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இது சட்டம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்த வழி. வாங்கியவரும் ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் ஓட்டியிருப்பார் என்பதால், கிரிக் வட்டாரத்தில் அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் இதே வழி இன்னொரு முறை பயன்படும்.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லப்போவது எந்தக் காகிதமும் அல்ல, மனிதர்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தேடல் இங்கேதான் முடிகிறது அல்லது முறிகிறது, ஆகவே அவசரப்படாமல் செய்யுங்கள். அப்பாவின் லாரியில் கெலிண்டானாகப் போன உதவியாள் யார்? அவர் அப்போது பதினெட்டு, இருபது வயதுப் பையனாக இருந்திருப்பார். இன்று அறுபதைத் தாண்டியிருந்தாலும் நினைவு நன்றாக இருக்கும் வயதுதான். லாரி விற்கும்போது ஓட்டிக் காட்டியது, கிரிக் வரை கொண்டுபோய் விட்டது அவராகக்கூட இருக்கலாம். அதன் பிறகு பட்டை (இலை ஸ்பிரிங்) அடிக்கும் பட்டறைக்காரர், டயர் கடைக்காரர், வெல்டிங் செய்தவர், பலகைப் பாடி கட்டிய சீனத் தச்சர் என்று லாரியின் உடம்பில் கை வைத்தவர்களைத் தேடுங்கள். இவர்கள் யாரும் எண்ணை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். எந்த மேட்டில் எந்தப் பட்டை ஒடிந்தது, எந்தப் பக்கத்துக் கதவு சாத்தாது, ஹார்ன் சத்தம் எப்படி என்பதை மறக்கமாட்டார்கள்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "அந்த லாரி இப்போது எங்கே?" என்று கேட்டால், "எப்போதோ பெசி புரோக்குக்கு, பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "1990-இல் அது எங்கே வேலை செய்தது? யார் ஓட்டினார்?" என்று கேளுங்கள். அடுத்த ஒரு கையை மட்டும் கேளுங்கள். அந்தக் கையைக் கண்டபிறகு அதற்கடுத்ததைக் கேட்கலாம். என் லாரி மூக்கு வைத்த பழைய இசுசு. விற்றுப் பதினேழு ஆண்டுகள் கழித்து நான் தேடத் தொடங்கியபோது, கோலகங்சாரில் ஒரு பட்டைப் பட்டறைக்காரர்தான் அதைக் கண்டுகொண்டார். பின்பக்கம் நான் வழக்கத்துக்கு மேல் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தேன். அதைக் கழற்றிச் சரிசெய்தவர் அவர். ஆற்று மணல் எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார் என்றார். அந்த ஒப்பந்தக்காரர் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, லெங்கோங்கைத் தாண்டிய ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அதை விற்றதைச் சொன்னார். முழுதாக இரண்டு ஆண்டுகள் பிடித்தன, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

உங்கள் லாரி கிரிக் பக்கம் போனது என்பது நல்ல தொடக்கம். 1982-இல் கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறந்த பிறகு, பேராக்கின் பழைய லாரிகள் மலையைத் தாண்டிப் போவது எளிதாகிவிட்டது. காட்டு மர வேலைக்கும் சாலை வேலைக்கும் வலுவான சட்டமுள்ள பழைய லாரிகளை விரும்பி வாங்கினார்கள். 1985-இல் ஈய விலை சரிந்து ஈப்போவைச் சுற்றிய கிந்தாவில் சுரங்கங்கள் மூடப்பட்டதால், 1989 வாக்கில் இந்த வட்டாரத்தில் மலிவான லாரிகளுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒருவர் கிரிக்கிலிருந்து சுங்கை சிப்புட் வரை வந்து உங்கள் அப்பாவின் லாரியை வாங்கினார் என்றால், தோட்டத்துக்குள் அதைப் பார்த்தவர் யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடையாள் உள்ளூர்க்காரர். இன்னொன்று, நம் நாட்டில் லாரி வேறு மாநிலத்துக்கு விற்கப்பட்டாலும் எண் அப்படியே இருக்கும். ஆகவே ஜெலியிலோ குவா மூசாங்கிலோ பேராக்குக்கு உரிய 'ஏ' எழுத்தில் எண் தொடங்கும் பழைய பெட்ஃபோர்ட் ஒன்று ஓடியிருந்தால், அங்குள்ள லாரிக்காரர்கள் அதைப் பேராக் லாரி என்றே அழைத்திருப்பார்கள். அந்தப் பெயரால் விசாரியுங்கள்.

சாலையில் மட்டும் தேடினால் போதாது. சாலை வரி முடிந்து, பொதுச் சாலைக்கே வராமல், தோட்டத்துக்குள் தண்ணீரும் உரமும் சுமந்துகொண்டிருக்கும் பழைய லாரிகள் நிறைய உண்டு. அவற்றில் எண் தகடே இருக்காது. என் லாரியை நான் அப்படித்தான் கண்டேன். கேபின் கூரை வெட்டப்பட்டு, பாடி இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்து, நாற்றங்காலுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

சந்தேகமான ஒரு லாரியின் முன் நிற்க நேர்ந்தால் எப்படி உறுதிசெய்வது? டி.கே. மாடலில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். பக்கவாட்டு மூடிகளைத் தூக்கித்தான் அதைப் பார்க்க முடியும். தூரத்திலிருந்தே அது டி.கே. தானா என்பதை அந்த மூடிகள் சொல்லிவிடும். பழைய கதவு மிஞ்சியிருந்தால் சாய்வான வெயிலில் பாருங்கள்: எத்தனை பூச்சு மேலே அடித்திருந்தாலும் தூரிகையால் எழுதிய பழைய எழுத்தின் மேடு தெரியும். ரப்பர் பால் தொட்டி உட்கார்ந்திருந்த சட்டத்தில் அதற்காகத் துளைத்த ஓட்டைகள் இருக்கும். பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள்; அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால், பால் ஏற்றிய லாரியில் பழைய பித்தளைப் பாகம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அரித்துப் போயிருக்கும். இவை எல்லாம் ஊகத்தை வலுப்படுத்துபவை மட்டுமே. சட்டத்தில் படிந்த மண்ணையும் கிரீசையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சேசிஸ் எண்ணின் தடத்தை எடுங்கள். ஆய்வு நிலையங்களிலும் இப்படித்தான் தடம் எடுப்பது வழக்கம். கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ ஒருபோதும் தேய்க்காதீர்கள். எண் மங்கினால் அந்த லாரி சட்டப்படி ஊமையாகிவிடும், அதைத் திருத்தியதாக உங்கள் மீதே சந்தேகம் வரவும் கூடும். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அந்தத் துணியைக்கூடக் கையில் எடுக்க வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் அன்றே பணம் கொடுக்காதீர்கள். யார் பெயரில் உள்ளது, கடன் நிறுவனத்தின் உரிமைக்கோரிக்கை ஏதும் பதிவில் நிற்கிறதா, பதிவு இரத்தாகிவிட்டதா என்று விற்பவரையே ஜே.பி.ஜே.யில் விசாரிக்கச் சொல்லி, அவரோடு கூடவே போங்கள். சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். தொழிலுக்கு ஓட்டும் லாரி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு. வீட்டு முற்றத்தில் நிறுத்திவைக்க மட்டும் ஆசைப்பட்டால் செலவு குறைவு. ஆனால் அப்போதும் விற்பனைக்கு எழுத்து மூலமான ஆவணம் வேண்டும். நான் என் இசுசுவை வாங்கவில்லை. அது வேலை செய்துகொண்டிருந்தது, அந்தத் தோட்டத்துக்கு அது தேவைப்பட்டது. ஓட்டுநரிடம் கேட்டு ஒரு சுற்று உட்கார்ந்து போனேன். இரண்டாவது கியர் முன்போலவே முனகிக்கொண்டுதான் விழுந்தது.

வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்தாலும் பழைய இரும்புக் கடையில் நிறுத்திவிடாதீர்கள். ஈப்போவில் ஜெலாப்பாங், மெங்லெம்பு பக்கத்துக் கடைக்காரர்களிடம் எந்த ஆண்டு வெட்டியது, கியர் பெட்டியும் பின் அச்சும் யாருக்குப் போயின என்று கேட்டுப் பாருங்கள். பெட்ஃபோர்டின் அச்சு எளிதில் அழியாது என்பதால் அவை தனியாக விலைபோகும்.

லாரிப் பாடி கட்டிய பட்டறை ஒன்று இங்கே மூடப்பட்டபோது, அதன் பழைய பில் புத்தகங்களை எரிக்க விடாமல் நான் வாங்கி வைத்தேன். 1971 முதல் 1988 வரையிலானவை, லாரி எண் வாரியாக எழுதியவை. உங்கள் படத்தின் நகலையும், தெரிந்தவரையிலான இலக்கங்களையும், அப்பாவின் பெயரையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அம்மாவையும் முடிந்தால் அழைத்து வாருங்கள்; அந்தக் கெலிண்டான் யார் என்பதை அவரிடம் நேரில் கேட்க வேண்டும்.